பிரசவ அறைக்கு வெளியே நின்றவள்

ஓசூர்,
12.7.2005

மதிப்பிற்குரிய செல்வம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் உங்களோடு சமையல் வேலை பார்க்கும் இருளாயி அம்மாளின் மகள் பூங்கொடி, என் வீட்டு மாடியில் கணவரோடு குடியிருக்கிறாள். தன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்றும், எது வந்தாலும் செல்வம்மாள் அக்காதான் வாசித்துச் சொல்வார்கள் என்றும் எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அதனால் இதைப் பள்ளி முகவரிக்கு அனுப்புகிறேன்.

முதலில் உங்கள் ஊர் மளிகைக் கடைக்குத்தான் தொலைபேசியில் பேசினேன். பூங்கொடி என்ற பெயரைச் சொன்னதும், எடுத்தவர் “அப்பிடி ஒரு புள்ள இந்த ஊர்ல இல்லம்மா” என்று வைத்துவிட்டார். பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கீழே உள்ளதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சில இடங்களை வாசிக்க உங்களுக்கே கூச்சமாக இருக்கலாம். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இருளாயி அம்மாளுக்கு,

உங்கள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. போன புதன்கிழமை, நண்பகல் தாண்டி. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். நலமாக இருக்கிறார்கள் என்றுதான் எழுத நினைத்தேன். கை வரவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெபமணி. சொந்த ஊர் நாசரேத் பக்கம். வேதியியல் படித்துவிட்டு இங்கே ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறர் விஷயத்தில் தலையிடுகிற பழக்கமும் கிடையாது. வாடகைக்கு வருகிறவர்களிடம் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடும். உங்கள் மகளோடும் ஓராண்டாக அப்படித்தான் இருந்தேன். அவள் கம்பெனி விடுதியில் இருந்தபோது ஜெகதீஷோடு பழகிக் கல்யாணம் செய்துகொண்டதும், அதனால் நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருப்பதும் எனக்குத் தெரியும். அதில் யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஜெகதீஷின் வீட்டார் நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கிறார்கள். அவர்களும் வரவில்லை. பெண் குழந்தை என்று தெரிந்ததும் “பாக்கலாம்” என்று சொன்னார்களாம்.

புதன்கிழமை காலையில் ஜெகதீஷ் வேலைக்குப் போயிருந்தான். அவனும் ஒப்பந்தத் தொழிலாளிதான். சொல்லாமல் நின்றால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, “மேடம், ஒரு ஆட்டோ மட்டும் புடிச்சு விடுங்க, நானே போய்க்கிறேன்” என்று பூங்கொடி கூப்பிட்டாள். பனிக்குடம் உடைந்து சேலையெல்லாம் நனைந்திருந்தது. அந்த நிலையில் யாரைத் தனியாக அனுப்ப முடியும்?

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். வாசலில் இருந்த ஆயா மங்கம்மா முதலில் கேட்டது, “கூட ஆளு யாரு? அம்மாவா, மாமியாரா?” என்பதுதான். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. கட்டிலுக்கு ஒரு பெண் துணை வேண்டும். அவள் தாயாகவோ மாமியாராகவோ இருக்க வேண்டும். மற்றவர்களை உள்ளே விட்டால் கூட்டம் சேர்ந்துவிடும் என்று விடுவதில்லை. வெந்நீர் பிடித்துத் தருவது, துணி மாற்றுவது, ரத்தம் நின்றிருக்கிறதா என்று பார்ப்பது, குழந்தையை எடை போடத் தூக்கிப் போவது எல்லாம் அந்தத் துணையின் வேலை. துணை இல்லாதவளுக்கு இதையெல்லாம் செய்ய அங்கே யாரும் இல்லை.

“வீட்டுக்காரம்மா” என்று சொன்னேன். மங்கம்மா சிரித்துவிட்டாள். “வீட்டுக்காரம்மால்லாம் வாடகை வாங்கத்தான் வருவாங்கோ. பெத்தவங்க இல்லியா? ஓடியாந்த கேசா?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்கள் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை உள்ளே அழைத்துப் போன பிறகு ஒரு நர்ஸ் வந்து அதையே மறுபடி கேட்டார். “நான்தான் அம்மா” என்று சொல்லிவிட்டேன். பேச்சு அதோடு முடிந்தது. பெஞ்சில் உட்காரவும் இடம் கிடைத்தது.

தாய் ஆனதும் எனக்கும் திட்டு விழத் தொடங்கியது. டாக்டர் சின்னப் பெண். பல நாள் தூங்காத முகம். “படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, பொண்ணுக்கு ரத்தம் இவ்ளோ கம்மியா இருக்கே, கவனிக்க மாட்டீங்களா?” என்று கேட்டார். ஏழாம் மாதம் வரை அவள் நின்றுகொண்டே வேலை பார்த்ததையும், மத்தியானச் சாப்பாட்டைப் பாதி நாள் அப்படியே திருப்பிக் கொண்டுவந்ததையும் நான் என் ஜன்னல் வழியாகப் பார்த்தவள்தான். குழந்தையை வாங்கப் பழைய சேலைத் துணி கேட்டார்கள். கடையில் வாங்கிய புதுத் துண்டை நீட்டினேன். மங்கம்மா அதை விரலால் தடவிப் பார்த்து, “இது பாப்பாவத் தொடைக்கவா, பாத்திரம் தொடைக்கவா?” என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். யாரோ ஒரு கன்னடக்கார அம்மாள் தன் பையிலிருந்து ஒரு துணியைக் கிழித்துக் கொடுத்தார்.

உள்ளே நடந்தது கதவுக்கு வெளியே கேட்டது. சீக்கிரம் பிறக்கட்டும் என்று வலி ஊசி ஏற்றினார்கள். அவள் கத்தியபோது, “புருஷன் கூட இருந்தப்ப இப்பிடியா கத்துன? முக்கும்மா, முக்கு” என்ற குரலைக் கேட்டேன். அடி விழுந்த சத்தத்தையும் கேட்டேன். தொடையில் அடித்தார்களாம். அப்படி அடிப்பது அங்கே சாதாரணம் என்று பெஞ்சில் சொன்னார்கள். நான் எழுந்து கதவைத் தட்டினேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, “தலை தெரியுது, போய் உட்காருங்க” என்று கதவைச் சாத்தினார். அந்த அறையில் அன்று மூன்று பெண்கள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் அந்த ஒரே நர்ஸ்தான். அவரையும் முழுதாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு வெகு நேரம் அவள் சத்தமே கேட்கவில்லை. அதன் பிறகு குழந்தையின் சத்தம். ஆயுதம் போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள். தையல் பெரியது. மரத்துப்போகப் போட்ட ஊசி சரியாகப் பிடிக்காமலே தைத்திருக்கிறார்கள். குழந்தை எடை குறைவு, உடனே அழவில்லை என்று வேறு அறைக்கு எடுத்துப் போனார்கள். தள்ளுவண்டியில் பூங்கொடி வெளியே வந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைத் தாண்டி, நடையின் ஒரு கோடியைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி மறுகோடியைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். ஜெகதீஷைத் தேடுகிறாள் என்று நினைத்து, “அவன் வந்துகொண்டிருக்கிறான்” என்றேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. கேட்டதற்குத் தலையசைப்பாள், அவ்வளவுதான். குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். பால் கொடுக்க மாடி ஏறிப் போக வேண்டும். தையலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு போவாள். கொடுத்து முடித்ததும், பார்சலைத் திருப்பித் தருவதுபோல என் கையில் நீட்டிவிடுவாள். பிள்ளையைப் பிடிக்கவும் எனக்குத் தெரியவில்லை. “பாப்பா என்னா கண்ணாடி பாட்டிலா? ஒடம்போட சேத்துப் புடி” என்று மங்கம்மா அதற்கும் ஒரு ஏச்சு. தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டார்கள். காய்ச்சல் விட்டதும் கட்டில் வேண்டும் என்று நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படி ஏற முடியாது என்பதால் தாயும் பிள்ளையும் இப்போது கீழே, என் முன்னறையில் இருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் வர வேண்டும். பெற்றவள் முகத்தைப் பார்த்துவிட்டால் எல்லா நோயும் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவள் அல்ல நான். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் உங்களைக் கேட்கவில்லை. ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மரியாதையுடன்,
ஜெபமணி


ஓசூர்,
30.7.2005

அன்புள்ள இருளாயி அம்மாளுக்கு,

நீங்கள் அனுப்பிய பை வந்து சேர்ந்தது. கருப்பட்டி உடைந்திருந்தது, மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. செல்வம்மாள் அவர்கள் உள்ளே வைத்திருந்த சீட்டையும் படித்தேன். நான் எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்கள் என்றும், உங்கள் வீட்டுக்காரர் “படியத் தாண்டுனா அப்பிடியே போயிரு, திரும்ப வராத” என்று சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறார். அவரிடம் நீங்கள் கேட்டதே பெரிய காரியம் என்று எனக்குத் தெரிகிறது. அதற்கு மேலும் உங்களைத் தொந்தரவு செய்வது எனக்குப் பிடித்தமான வேலை இல்லை. என்றாலும் இங்கே நடந்ததை நீங்கள் அறியாமல் இருக்கக் கூடாது.

பை வருவதற்கு முன்பு, ஒரு நண்பகலில், ஆய்வுக்கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஜெகதீஷ் இரவு வேலை முடித்து வந்து, மாடியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். முன்னறையில் குழந்தை மட்டும் பாயில் கிடந்து அழுதுகொண்டிருந்தது. பூங்கொடி மொட்டைமாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, செருப்பில்லாமல் நின்றாள். அந்த வெயிலில் தரை எப்படிச் சுட்டிருக்கும்! சேலையின் முன்பக்கம் முழுவதும் பால் நனைந்திருந்தது. நான் கத்தவில்லை. பக்கத்தில் போய், “பிள்ளை அழுகிறது, வா” என்றேன். “அழட்டும் மேடம், நீங்கதான் இருக்கீங்கல்ல” என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தேன். வந்துவிட்டாள்.

இப்போது மொட்டைமாடிக் கதவைப் பூட்டியிருக்கிறேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. துணியைக் கொல்லையில் காயப்போடுகிறோம். ஜெகதீஷ் ஏன் என்று கேட்டான். ஒழுகுகிறது, சுண்ணாம்பு பூச வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவன் நல்ல பையன். சோறு வடிக்கிறான், துணி அலசுகிறான், குழந்தைக்குப் பாட்டுகூடப் பாடுகிறான். ஆனால் பயந்துபோய் இருக்கிறான். பயந்தவனிடம் இன்னும் எவ்வளவு சொல்வது?

மறுபடியும் அந்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனேன். தையலைப் பார்த்துவிட்டு, “நல்லா ஆறியிருக்கு” என்றார்கள். இவள் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, பிள்ளையைப் பார்ப்பதில்லை என்று சொன்னேன். “மொத பிரசவம்ல, அப்படித்தான் இருப்பாங்க. நீங்க அம்மாதானே, நாலு வார்த்த நல்லதா பேசுங்க” என்றார் அதே சின்ன டாக்டர். எங்களுக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நின்றது. மனநோய் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றால் பெங்களூருக்கோ தர்மபுரிக்கோ போக வேண்டும். அதற்கும் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். மனநோய் என்ற சொல்லைக் கேட்டு நீங்கள் பயப்பட வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருவதுண்டு, சரியான நேரத்தில் கவனித்தால் தீரும் என்று படித்திருக்கிறேன்.

இனி உங்கள் பைக்கு வருகிறேன். பிரசவ மருந்துப் பொடி மூட்டையை நான்தான் பிரித்தேன். வாசனை அறை முழுதும் பரவியது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பினாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, “சுக்கு சாஸ்தி. எங்கம்மா கைதேன்” என்றாள். பிறகு, “வரலைல்ல?” என்று கேட்டாள். இல்லை என்றேன். பொடியை மூடி வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. எனக்கு அதெல்லாம் வராது. அழுது ஓய்ந்த பிறகு அவளாகவே பேசினாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“அன்னைக்கு உள்ள என்னால முடியவே இல்ல மேடம். செத்துருவேன்னுதேன் நெனச்சேன். அந்த நர்சம்மா அடிச்சாங்க, வஞ்சாங்க. அப்பறம் என்ன நெனச்சாங்களோ, காதுகிட்ட குனிஞ்சு, ‘இந்தாம்மா, உங்கம்மா வெளிய நின்னு அழுதுக்கிட்டு இருக்காங்க, அவங்களுக்காகவாச்சும் ஒருதடவ முக்கு’ன்னாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. எங்கம்மா எப்பிடி இம்புட்டுத் தூரம் ஒத்தையில வந்துச்சு, எந்த பஸ்ஸுல ஏறுச்சு, அப்பாகிட்ட என்னத்தச் சொல்லிட்டு வந்துச்சு, யாருகிட்ட வழி கேட்டுச்சுன்னு அதையவே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். கத்துனா அது கேட்டுப் பயந்துக்கிடும்னு வாயக் கடிச்சுக்கிட்டேன். தச்சப்பக்கூட வலி தெரியல மேடம். கதவு எப்பத் தெறக்கும்னுதேன் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

கதவு திறந்தபோது வெளியே நான் நின்றேன்.

வெகு நேரம் அவள் சத்தம் கேட்கவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? அதன் காரணம் இதுதான். அன்று அவளை அடித்ததையும் ஏசியதையும் இத்தனை நாளில் அவள் குறையாகச் சொல்லவே இல்லை. அந்த அறையில் ஒருவர் அவளிடம் அன்பாகச் சொன்ன ஒரே வார்த்தைதான் அவளை இப்படிச் சாய்த்திருக்கிறது. நர்ஸ் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைத்தான் அவர் போய்ச் சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டு நின்றேன் என்பது மட்டும் அவர் சேர்த்தது.

“நீங்க ஏன் மேடம் அம்மான்னு சொன்னீங்க?” என்று கேட்டாள். அப்படிச் சொல்லாவிட்டால் என்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள், உனக்குத் துணி மாற்றக்கூட ஆள் இருந்திருக்காது என்றேன். “அதுவும் சரிதேன்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நாளைக்கு வேறொரு பெண்ணோடு போய் அதே வாசலில் நின்றாலும் அதையே சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்தப் பெண்ணுக்கு அது போதவில்லை.

நான் களைத்துவிட்டேன், அம்மா. விடுப்பெல்லாம் தீர்ந்துபோயிற்று. பகலில் பக்கத்து வீட்டு சாந்தம்மாவை உட்காரவைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். ஆய்வுக்கூடத்தில் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசிக்கிறேன். பிள்ளையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டேன். எண்ணெய் தேய்த்ததும் அது கையில் வழுக்குகிறது. ஆஸ்பத்திரியில் காலில் கட்டிய அட்டையில் ‘பூங்கொடி பாப்பா’ என்று எழுதியிருந்தார்கள். இன்னும் அதே பெயர்தான். ஜெகதீஷ் ஏதேதோ பெயர் சொல்கிறான், இவள் வாயைத் திறப்பதில்லை. குழந்தை உங்கள் சாடையா என்று எனக்கு எப்படித் தெரியும்? நெற்றி கொஞ்சம் மேடு. அழும்போது கீழ் உதட்டைத்தான் முதலில் பிதுக்குகிறது. நீங்களே பார்த்துச் சொல்ல வேண்டியதுதான்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிச் சொன்னவர்கள் பின்னால் இறங்கி வருவதும் உண்டு, வராமலே போவதும் உண்டு. அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது, அதனால் தைரியமாக எதையும் சொல்ல மாட்டேன். கதவை அடைத்துவிட்டால் எங்கே போவீர்கள் என்று மட்டும் சொல்ல முடியும். என் வீட்டில் பின்னறை சும்மாதான் கிடக்கிறது. நான் உபசாரத்துக்குச் சொல்கிறவள் அல்ல என்பது உங்கள் மகளுக்குத் தெரியும்.

செல்வம்மாள் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் முகவரியையும் ஆய்வுக்கூடத் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி இருளாயி அம்மாளின் முந்தானையில் முடிந்துவிடுங்கள். மதுரையிலிருந்து பெங்களூர் போகிற பேருந்தெல்லாம் ஓசூர் வழியாகத்தான் வரும். ஓசூரில் இறங்க வேண்டும் என்று ஏறும்போதே நடத்துநரிடம் சொல்ல வேண்டும். தூங்கிவிட்டால் கர்நாடகத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எந்த நாள் புறப்படுகிறார் என்று நீங்கள் பேசிச் சொன்னால் போதும், பேருந்து நிலையத்தில் நான் நிற்பேன். குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, நகை எதுவும் இல்லாமல் ஒருத்தி நின்றால் அது நான்தான்.

இருளாயி அம்மா, நீங்கள் வருவதாகத் தகவல் வந்தாலும் பூங்கொடியிடம் சொல்ல மாட்டேன். பேருந்து ஏறிவிட்டீர்கள் என்று தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அம்மா வெளியே நிற்கிறாள் என்று ஒருமுறை அவளிடம் சொல்லியாயிற்று. அவளும் நம்பி, அந்த வலியையெல்லாம் தாங்கிக்கொண்டாள். இன்னொருமுறை சொல்வதென்றால், நீங்கள் என் வாசலில் வந்து நின்ற பிறகுதான். அப்போதும் நான் சொல்லப்போவதில்லை. கதவை மட்டும் திறந்துவிடுகிறேன்.

உங்கள் பயணத்துக்குக் கர்த்தர் துணையாக இருக்கட்டும். நான் அதிகம் ஜெபிக்கிறவள் இல்லை. இதற்கு மட்டும் ஜெபிக்கிறேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ஜெபமணி